நெஸ்லர் சோதனையும் குடிநீர்த் தீர்ப்பும்

குடிநீரின் நன்மை தீமையை நாவாலும் மூக்காலும் அறிந்துவந்த நிலை மாறி, ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் எண்ணைக் கொண்டு அதை முடிவுசெய்யும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வேரூன்றியபோது, அம்மோனியாச் சோதனை அதில் முதன்மையான இடத்தைப் பெற்றது. கழிவுகளிலும் இறந்த உயிர்களிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்கள் அழுகும்போது அம்மோனியா உண்டாவதால், நீரில் அது காணப்படுவது, சிறிய அளவில் தானே கேடு விளைவிக்காவிடினும், சாக்கடை கலந்ததற்கான தடயமாகக் கொள்ளப்பட்டது.

இத்தடயத்தைக் கண்ணால் காணச் செய்தவர், ஜெர்மனியின் பாடன் நாட்டு வேளாண் வேதியியலாளரும் திராட்சை மது பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்பட்டவருமான யூலியஸ் நெஸ்லர் (1827–1905) ஆவார். மெர்குரிக் அயோடைடு என்னும் பாதரசச் சேர்மத்தைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் கரைத்து, அதனுடன் எரிகாரம் சேர்த்துப் பெறும் வினைப்பொருளை அவர் 1856இல் அறிமுகப்படுத்தினார். இக்கரைசல் அம்மோனியாவுடன் சேரும்போது நீர் மஞ்சளாகிறது. அம்மோனியா மிகுந்தால் நிறம் பழுப்பாக முதிர்ந்து வீழ்படிவும் உண்டாகிறது. ஒரு கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு அம்மோனியா இருப்பினும் நிறம் காட்டிவிடும் இதன் நுண்மையால், நெஸ்லரின் பெயரே ஆங்கில வேதியியலாளரிடையே வினைச்சொல்லாகி, நீரை 'நெஸ்லரைஸ்' செய்தல் என்னும் வழக்கு ஆய்வுக் கையேடுகளில் இடம்பெற்றது.

1866இல் கிழக்கு லண்டனில் காலரா பரவி, அப்பகுதிக்கு வழங்கப்பட்ட குடிநீரின் மீது ஐயம் எழுந்திருந்த சூழலில், ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வாங்க்ளின் தம் உடனாய்வாளர்களான சாப்மன், ஸ்மித் ஆகியோருடன் 1867இல் வெளியிட்ட முறை இச்சோதனையை நீராய்வின் மையத்திற்குக் கொண்டுவந்தது. அம்முறைப்படி அரை லிட்டர் நீரை வாலையிலிட்டு, சோடியம் கார்பனேட் சேர்த்துக் காய்ச்சி, வடிந்துவரும் நீரை 50 மில்லிலிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குழாய்களில் பிடிப்பார்கள். முதற்குழாயிலேயே அம்மோனியாவின் முக்கால் பங்கு வந்துவிடும் என்பதால், அதை மட்டும் அளந்து மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது வழக்கமாயிற்று. பின்னர் வாலையில் எஞ்சிய நீருடன் காரம் கலந்த பெர்மாங்கனேட்டைச் சேர்த்து மீண்டும் காய்ச்சினால், இன்னும் சிதையாதிருந்த புரதம் போன்ற பொருள்களும் உடைந்து அம்மோனியாவை வெளிவிடும். இரண்டாவதாகக் கிடைத்த இதற்கு 'ஆல்புமினாய்டு அம்மோனியா' என்று பெயர். இவ்வாறு வடித்த நீரில் நெஸ்லர் கரைசலைச் சேர்த்து, அம்மோனியா அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் குழாய்களுக்கு அருகே வெள்ளைப் பீங்கான் தட்டின் மீது நிறுத்தி, மேலிருந்து நோக்கி, இரண்டின் நிறமும் ஒத்துவரும் இடத்தில் அளவு குறிக்கப்பட்டது. ஆல்புமினாய்டு அம்மோனியா பத்து லட்சத்தில் 0.10 பங்கைத் தொட்டால் நீர் ஐயத்திற்குரியது என்றும், 0.15ஐக் கடந்தால் தள்ளத்தக்கது என்றும் வாங்க்ளின் வரம்பு வகுத்தார்.

செலவு குறைவு, விரைவில் முடிவு என்னும் இரு காரணங்களால் இம்முறை எங்கும் பரவினாலும், நீரின் எச்சத்தை எரித்து அதன் கார்பனையும் நைட்ரஜனையும் அளக்கும் முறையை வகுத்த எட்வர்ட் ஃபிராங்க்லண்ட், பெர்மாங்கனேட்டால் வெளிப்படும் அம்மோனியா மொத்தக் கரிம நைட்ரஜனின் மாறாத விகிதமன்று என்று கடுமையாக மறுத்தார். களத்திலும் முரண்பாடுகள் தென்பட்டன. மண்ணடியில் நைட்ரேட்டுகள் வேதி மாற்றமடைந்து அம்மோனியாவாகிவிடுவதால், தூய ஆழ்கிணற்று நீரே சோதனையில் மிகுந்த நிறம் காட்டக்கூடும். மாறாக, நோயாளி ஒருவரின் கழிவு சிறிதளவே கலந்த ஓடைநீர் நிறம் காட்டாமல் தேறிவிடவும் கூடும். அழுகலின் அளவைச் சொல்லும் சோதனையிடம் நோயின் வரவை எதிர்பார்த்ததே இச்சிக்கலுக்கு அடிப்படை.

1881இல் ராபர்ட் கோக் திட ஊடகத்தில் நுண்ணுயிர்களைத் தனித்து வளர்க்கும் முறையை விளக்கியதும், 1885 முதல் பெர்சி ஃபிராங்க்லண்ட் அம்முறையால் லண்டன் நீரைத் தொடர்ந்து ஆராய்ந்ததும் தீர்ப்புரிமையை மெல்ல வேறு பக்கம் நகர்த்தின. ஆயினும் அம்மோனியாச் சோதனை உடனே கைவிடப்படவில்லை. 1887இல் மாசசூசெட்ஸ் மாநிலம் தொடங்கிய விரிவான நீராய்வில், எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் பணியாற்றிய ஆய்வுக்கூடம் இருவகை அம்மோனியாவையும் ஆயிரக்கணக்கான மாதிரிகளில் அளந்தது. ஒரே நீர்நிலையின் அளவுகளை மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, தனித்த ஓர் எண் மறைத்த மாற்றங்கள் புலப்பட்டன.

20ஆம் நூற்றாண்டில் குடிநீரின் நோயச்சத்தை அறியும் பொறுப்பு கோலிஃபார்ம் பாக்டீரியா சோதனைக்குச் சென்றது. நெஸ்லர் கரைசலிலுள்ள பாதரசம் கழிவாக வெளியேறுவதன் கேடு உணரப்பட்டபின், நீல நிறம் தரும் ஃபீனேட் முறையும் அம்மோனியா மின்முனையும் பல ஆய்வுக்கூடங்களில் அதன் இடத்தைப் பிடித்தன. நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்றும் அம்மோனியாவை அளக்கின்றன. கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரினுடன் அது வினைபுரிந்து குளோரமின்களாக மாறிவிடுவதால், எவ்வளவு குளோரின் இட வேண்டும் என்று கணக்கிட அந்த எண் அவற்றுக்குத் தேவைப்படுகிறது.