கலெக்டர் பரீட்சையின் படிக்கட்டுகள்



"வாத்தியாரே, அந்தக் காலத்து ஐ.சி.எஸ். பரீட்சை ரொம்பக் கஷ்டமாமே? அப்படி என்னதான் கேட்டாங்க?" என்று பால்மரம் வெட்டும் ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இம்மலரில் எழுதுகிறேன்.

வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவின் கலெக்டர்களையும் ஜில்லா நீதிபதிகளையும் பொறுக்கியெடுத்தது ஐ.சி.எஸ். பரீட்சை. அதற்கு முன்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர்கள் தங்களுக்கு வேண்டிய பிள்ளைகளுக்கே அந்தப் பதவிகளைக் கொடுத்து வந்தார்கள். ஆள் தெரிந்தால் வேலை! 1853ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. 1855இல் முதல் போட்டிப் பரீட்சை லண்டனில் நடந்தது.

அதில் பல படிகள் இருந்தன. முதற்படி, எழுத்துப் பரீட்சை. அதில் முன்னணியில் வந்தவர்கள் ஓரிரண்டு ஆண்டுகள் இங்கிலாந்திலேயே பயிற்சி பெற வேண்டும். இந்தியச் சட்டம், சரித்திரம், வேலை பார்க்கப்போகும் மாகாணத்தின் மொழி எல்லாம் படித்து, இறுதிப் பரீட்சையிலும் தேற வேண்டும். உடல்நலச் சோதனை உண்டு. குதிரையேற்றச் சோதனையும் உண்டு. இவ்வளவும் தாண்டியவருக்கே கப்பல் ஏற அனுமதி.

சட்டப்படி இந்தியரும் எழுதலாம். ஆனால் முதற்படியே கடலுக்கு அப்பால் அல்லவா இருந்தது! கப்பல் செலவுக்கு ஏழை எங்கே போவான்? பாடங்களுக்கு வைத்த மதிப்பெண்ணையும் பாருங்கள். 1855இல் கிரேக்க மொழிக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375தான். இத்தனையையும் மீறி 1863இல் தேறிய முதல் இந்தியர், கவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்யேந்திரநாத் தாகூர்.

அடுத்த தடை வயது. முதலில் 23 வரை எழுதலாம் என்றிருந்த உச்சவரம்பு, 1866இல் 21 ஆயிற்று. 1878இல் 19 ஆயிற்று. 1869இல் தேறிய சுரேந்திரநாத் பானர்ஜியை, வயது கூடிவிட்டது என்று நீக்கினார்கள். பள்ளி இறுதிப் பரீட்சையின்போது, நம் வீடுகளில் "பதினாறு நடக்குது" என்போமே, அந்தக் கணக்கில் அவர் 16 என்று சொல்லியிருந்தார். உண்மையில் நிறைந்த வயது 15தான். அவர் சும்மா இருக்கவில்லை. லண்டனிலேயே வழக்குப் போட்டார். அவர் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள்.

பின்னாளில் புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தர் 1890இல் எழுத்துப் பரீட்சையில் பதினோராவதாக வந்தார். பயிற்சிக் காலத்தையும் முடித்தார். ஆனால் குதிரையேற்றச் சோதனைக்குக் குறித்த நேரத்தில் போகவில்லை. அந்த ஒரு படியில் வேலை போயிற்று. அந்த வேலையில் அவருக்கு விருப்பம் இல்லை என்பதும் சரித்திரம்.

நம் நேதாஜியை மறக்க முடியுமா? 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நம்மவர்கள் முன் நின்று முழங்கிய அதே சுபாஷ் சந்திர போஸ், ஏறக்குறைய எட்டே மாதம் படித்து 1920இல் இந்தப் பரீட்சையில் நான்காவது இடம் பெற்றவர். மறு ஆண்டே, அந்நியருக்கு ஊழியம் செய்யமாட்டேன் என்று பதவியைத் துறந்தார்.

"பரீட்சையை இந்தியாவிலும் வையுங்கள்" என்று 1885இல், தன் முதல் மாநாட்டிலேயே, காங்கிரஸ் கேட்டது. 1893இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மக்கள் சபையும் அப்படியே தீர்மானம் போட்டது. அரசாங்கமோ அதை நிறைவேற்றவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். 1922இல்தான் அம்மி நகர்ந்தது. அலகாபாத் நகரில் பரீட்சை நடந்தது. ஒரு படியைக் கடலுக்கு இப்பால் கொண்டுவர, முதல் பரீட்சையிலிருந்து 67 ஆண்டுகள்!

இன்று ஐ.ஏ.எஸ். முதலிய பதவிகளுக்கு இந்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் பரீட்சை நடத்துகிறது. 1979 முதல் அதில் மூன்று கட்டங்கள். முதல்நிலைத் தேர்வு வடிகட்டுவதற்கு மட்டுமே. அதன் மதிப்பெண் இறுதிக் கணக்கில் சேராது. அடுத்து 1750 மதிப்பெண்ணுக்கு விரிவாக எழுதும் முதன்மைத் தேர்வு. கடைசியில் 275 மதிப்பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு. வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தாலும், முதன்மைத் தேர்வின் விடைகளைத் தமிழிலேயே எழுதலாம். நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். கிரேக்கம் படித்தவனுக்குச் சலுகை காட்டிய பரீட்சை எங்கே, தமிழில் எழுதக்கூடிய பரீட்சை எங்கே!

பெற்றோர்களே! இந்தச் சரித்திரத்தில் பரீட்சையில் தோற்றவர்களைவிட, முதற்படியை எட்டமுடியாமல் நின்றவர்களே அதிகம். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நம் பிள்ளைகளுக்கோ முதற்படி கடல் கடந்து இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் இருக்கிறது. "தம்பியைப் பார்த்துக்க, இன்னைக்குப் பள்ளிக்கூடம் வேணாம்" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு நாளும், அந்தப் படியை நாமே தள்ளி வைக்கிறோம்.

மாணவர்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குபவர்களை வாழ்த்துகிறேன். வாங்காதவர்களுக்கும் ஒரு சொல்: அண்டை வீட்டுக்காரர் "பதினாறு நடக்குது" என்று சொல்லக் கேட்டால், சுரேந்திரநாத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரை அடித்த பிறகும் அவர் வீடு திரும்பிவிடவில்லை.