உழுதவன் பெயர் இல்லாத தலபுராணம்: கொல்லிமலை அறப்பள்ளியின் தொன்மங்களும் வழிபாடுகளும்

திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில், கொல்லிமலையின் கிழக்குச் சரிவு தரையைத் தொடும் இடத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. விடுமுறை நாட்களில் குளிக்க வருவோர் அதைச் சுற்றுலாத் தலமாக மட்டுமே அறிவர். அவர்கள் இறங்கிக் குளிக்கும் நீர் ஐயாற்றின் நீர். மலைமேல் பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் அந்த ஆறு, சற்றுத் தொலைவில் ஆகாயகங்கை அருவியாக விழுந்து, காட்டின் ஊடே இறங்கிப் புளியஞ்சோலையை அடைகிறது. கோயில் நாமக்கல் மாவட்டத்தில், சோலை திருச்சி மாவட்டத்தில். மலையில் வாழும் மக்களுக்கோ இந்த எல்லைக்கோடு அண்மைக் காலத்தது.

கோயிலைப் பற்றி எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் மூன்று செய்திகளைச் சொல்லி முடிந்துவிடும்: வல்வில் ஓரி கட்டியது, தேவாரத்தில் பாடப்பட்டது, மீன் உயிர்பெற்றது. இச்செய்திகளுக்குள் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டுப் போனார்கள் என்பதே இக்கட்டுரையில் நமது கேள்வி.

முதலில் பெயர். இத்தலம் தேவார வைப்புத் தலங்களுள் ஒன்று. தனிப்பதிகம் இல்லை, பிற பாடல்களில் பெயர் மட்டும் வருகிறது. அங்கே ‘அறைப்பள்ளி’ என்னும் வடிவம் காணப்படுகிறது. அறை என்றால் பாறை. பாறையிடத்துப் பள்ளி பிற்காலத்தில் அறத்தின் பள்ளியாகிவிட்டது. ‘பள்ளி’ என்னும் சொல் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடங்களுக்கும் வழங்கியது என்பதை மாணவர்கள் அறிவர். அந்தச் சொல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இது சமணப் பள்ளியாக இருந்தது என்று நாம் தீர்ப்பெழுதப் போவதில்லை. ஆனால் ஓர் எழுத்து மறைந்ததில் மலையின் பாறை மறைந்து அறநூல்களின் அறம் உள்ளே வந்தது என்பது கண்கூடு.

அந்த அறம் எத்தகையது என்பதற்கும் ஒரு நூல் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம், இத்தலத்து இறைவனை விளித்துப் பாடப்பட்ட நீதிநூல். அதில் மலை ‘சதுரகிரி’ ஆகிறது. மறையோர், அரசர், வணிகர், வேளாளர் ஆகியோரின் சிறப்புகள் தனித்தனிப் பாடல்களில் வரிசையாகப் போற்றப்படுகின்றன. இறைவன் குடியிருக்கும் மலையில் காலங்காலமாகத் தினையும் சாமையும் விதைத்த மக்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

உழுபடையும் தழும்பும்

தலத்தின் தோற்றத் தொன்மம் இப்படிச் சொல்லப்படுகிறது. இவ்விடம் ஒரு காலத்தில் விளைநிலமாக இருந்தது. உழவன் ஒருவன் ஏர் ஓட்டுகையில் கொழு எதன்மீதோ இடித்தது. மண்ணை விலக்கிப் பார்த்தால் சிவலிங்கம். அதன் தலையிலிருந்து குருதி கசிந்தது. அந்த வடு இன்றும் லிங்கத்தின் உச்சியில் இருப்பதாகக் கூறுவர்.

கோடரி பட்டுக் குருதி வடிதல், பசு தானே பால் சொரிதல், மண்வெட்டி பட்ட தழும்பு என்று இதே அமைப்புடைய கதைகள் தமிழகமெங்கும் உண்டு. இவற்றில் தெய்வத்தை முதலில் தொடுபவர் உழைப்பவரே. தொடுகின்ற கருவி உழைப்பின் கருவியே. கல்லில் வடு நிலைத்துவிட்டது. உழவனின் பெயரோ, அவன் எக்குடியினன் என்பதோ நிலைக்கவில்லை. கண்டெடுத்தவனின் வழித்தோன்றல்களுக்கு அக்கோயிலில் என்ன உரிமை என்னும் கேள்வியைத் தலபுராணங்கள் எழுப்புவதே இல்லை. தொட்டவன் கதையின் முதல் வரியோடு வெளியேறிவிடுகிறான்.

இதைப் பெரியபுராணத்தோடு வைத்துப் பார்க்கலாம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் திருநாளைப்போவாருக்குப் பெயரும் ஊரும் கொடுத்தார். ஆனால் தில்லைக்குள் நுழைய அவர் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது. அறப்பள்ளியின் உழவன் தீக்குளிக்கவில்லை, ஆகவே பெயரும் பெறவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கதையில் நடந்த வெளியேற்றம் நடைமுறையிலும் நடந்ததால்தான் சட்டம் தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் 1947இல் வந்தது. அச்சட்டம் வாயிலைத் திறந்ததே தவிர, கருவறை மூடியே இருந்தது. 1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கும் திருத்தம், அதை ஏற்றுக்கொண்டே ஆகமத்தின் பெயரால் எல்லை வகுத்த 1972ஆம் ஆண்டின் சேஷம்மாள் வழக்குத் தீர்ப்பு, 2006ஆம் ஆண்டு அரசாணை, 2015 டிசம்பரில் மீண்டும் ஆகமத்தை முன்னிறுத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று நீண்ட பாதை அது. அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் பயின்ற பல சாதியினர் 24 பேருக்கு 2021 ஆகஸ்ட் 14 அன்று பணி ஆணை கிடைத்தது. கொழு பட்ட கணத்தில் கல்லைத் தொட்ட உழவனிடம் எவரும் ஆகமம் கேட்டதாகக் கதை சொல்லவில்லை.

பொருந்திய மீன்

இக்கோயிலின் புகழ்பெற்ற தொன்மம் மீனைப் பற்றியது. ஆற்றில் பிடித்த மீனை ஒருவர் அறுத்துச் சமைக்க முற்பட, துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, மீன் சட்டியிலிருந்து துள்ளி ஆற்றுக்குள் பாய்ந்தது. ஆற்று மீன்களில் இறைவன் உறைகிறான் என்பது நம்பிக்கை. எனவே கோயிலை ஒட்டிய பகுதியில் மீன்பிடிப்பது இல்லை. வருவோர் மீன்களுக்கு உணவிட்ட பின்னரே இறைவனை வணங்குவது வழக்கம். ஆடிப் பெருக்கன்று கூட்டம் பெருகும். அதையொட்டி அரசு சார்பில் வல்வில் ஓரி விழாவும் நடக்கிறது.

இதனைப் புலால் மறுப்புக் கதையாக வாசிப்போர் உண்டு. அந்த வாசிப்பு நமக்கு ஏற்புடையதன்று. கதையில் மீனைச் சமைத்தவர் தண்டிக்கப்படவில்லை, சபிக்கப்படவில்லை. ஆற்றின் ஒரு பகுதியில் மட்டும் மீனைக் காப்பது, தடாகங்களையும் கோயில் காடுகளையும் காத்து வந்த குடிகளின் நடைமுறையோடு ஒத்துப்போகிறது. மேலும் இதே மலையின் மற்றொரு தெய்வத்திற்குக் குருதிப் பலியே படையல்.

பெரியண்ணன் மலையும் 2003ஆம் ஆண்டு ஆணையும்

மாசி பெரியண்ணசாமி கோயில் கொல்லிமலையின் உயரமான குன்றொன்றில் உள்ளது. சமவெளியில் நாமக்கல், திருச்சி மாவட்டங்களின் பல சாதிக் குடும்பங்களுக்கு அவர் குலதெய்வம். வேண்டுதல் நிறைவேறினால் வேல் நடுவர், ஆடு கோழி பலியிட்டு அங்கேயே சமைத்து உண்பர்.

2003 ஆகஸ்டில் தமிழக அரசு, 1950ஆம் ஆண்டின் விலங்குகள் பறவைகள் பலியிடல் தடைச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. அரை நூற்றாண்டாகத் தூங்கிய அச்சட்டம் ஒரே நாளில் இலட்சக்கணக்கான மக்களின் வழிபாட்டைக் குற்றமாக்கிற்று. கடும் எதிர்ப்பு எழுந்ததும் 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. இறைச்சிக் கடைகளில் அன்றாடம் நடப்பதைக் கோயில் வாயிலில் மட்டும் தடுக்க முனைந்த அந்த ஆணையின் உள்ளடக்கம் உயிரிரக்கம் அன்று. எது ‘தூய’ வழிபாடு என்பதற்கான வரையறை. தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்களின் தெய்வங்களே அதில் முதலில் சிக்கின.

பாவையிலிருந்து அம்மனாக

சங்கப் பாடல்கள் பலவற்றில் வரும் கொல்லிப்பாவை, தெய்வத்தால் அமைக்கப்பட்ட உருவம். காற்றும் மழையும் நிலநடுக்கமும் தாக்கினாலும் தன் வடிவு குன்றாதது. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய மூன்றிலும் அவள் உவமையாகிறாள். சிரித்து மயக்கிப் பகைவரைக் கொல்பவள் என்பது பிற்கால மரபு. இன்று மலையில் வழிபடப்படும் எட்டுக்கை அம்மனே அப்பாவை என்பது மக்கள் நம்பிக்கை. பாவைக்குச் சங்கப் பாடல்களில் எட்டுக் கைகள் இல்லை. அவளைச் சக்தி வடிவங்களோடு சேர்க்கும்போதே கைகள் பெருகியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

மூன்று அண்ணன் தம்பிகள்

மலையின் பெரும்பான்மைக் குடிகள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆளுவோர் என்று இவர்கள் தம் பெயருக்குப் பொருள் சொல்வர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று இன்றைய 14 ஊராட்சிகளும் பழைய ‘நாடு’ அமைப்பின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

இவர்களின் தோற்றத் தொன்மத்தை எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்தார். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் தம் தெய்வமான கரியராமனுடன் புறப்பட்டு, வெவ்வேறு சாதிப் பெண்களை மணந்து, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை எனப் பிரிந்து குடியேறினர் என்பது அது. இத்தொன்மம் வேளாளர் மரபைக் கோருகிறது. கவுண்டர் என்னும் பட்டமும் வழங்குகிறது. மேல்சாதி மூதாதையைத் தேடும் இந்த வேட்கையை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை. பழங்குடி என்பதனாலேயே ஒரு சமூகம் சாதிப் படிநிலையின் மயக்கத்திற்கு வெளியே நின்றுவிடுவதில்லை. தலித் மக்களோடு அதன் உறவு தானாக நட்பாகிவிடுவதும் இல்லை. ஆனால் அதே கதைதான் கலப்பு மணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறது. தூய குருதியைக் கோரும் எந்தச் சாதிப் புராணமும் இவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

அண்ணன் தம்பிகள் மலைமலையாகப் பிரிந்த கதைக்கு அரசின் ஏட்டில் வேறொரு முடிவு நேர்ந்தது. பட்டியல் பழங்குடிகளில் மலையாளிகள் பொதுவாக அல்லாமல் மாவட்டவாரியாகவே சேர்க்கப்பட்டனர்: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. பழைய சேலத்தில் அடங்கிய கொல்லிமலையாருக்கும், திருச்சியின் பச்சைமலையாருக்கும் சான்றிதழ் உண்டு. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகளுக்கு இல்லை; ஈரோட்டின் பெயர் பட்டியலில் கிடையாது. அவர்களின் பிள்ளைகள் பழங்குடிக்கான கல்வி இடமோ உதவித்தொகையோ கோர முடியாது. பல பத்தாண்டுகளாக அவர்கள் விண்ணப்பித்து வருகிறார்கள். பட்டியலில் ஒரு மாவட்டத்தின் பெயரைச் சேர்க்கவும் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டும்.