ஒரு முழங்காலும் இரண்டு கதைகளும்

நம் வரலாற்று வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து அடிக்கடி ஒரு கேள்வி வரும். "சார், இதெல்லாம் நடந்து முடிஞ்ச கதைதானே, நமக்கு என்ன?" பேராசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். "நடந்தது முடிஞ்சிரும்ப்பா. அதைப் பத்திச் சொல்ற கதை முடியாது" என்பார். அன்று சிரித்தோம். அந்த வார்த்தையின் கனம், சீனாவுக்குப் போன ஓர் ஆங்கிலத் தூதரைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தத் தூதர் நமக்கு அந்நியரல்ல. 1781 முதல் 1785 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த மெக்கார்ட்னி பிரபுதான். 1793-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தூதராக, கோள்களின் இயக்கத்தைக் காட்டும் இயந்திரம், தொலைநோக்கி, குதிரை வண்டி, பீரங்கி என்று பரிசுகளோடு சீனா போய்ச் சேர்ந்தார். அவரை ஏற்றிச் சென்ற படகுகளில் சீன அதிகாரிகள் கொடி கட்டினார்கள். அதில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? 'கப்பம் கொண்டுவரும் ஆங்கிலத் தூதர்'! கொடுத்தவருக்கு அது பரிசு, வாங்கியவருக்குக் கப்பம்.

அடுத்து வந்தது வணக்கப் பிரச்சினை. சக்கரவர்த்தி முன் மூன்று முறை மண்டியிட்டு, ஒன்பது முறை தலை தரையில் பட வணங்க வேண்டும். 'கௌடௌ' என்பது இதுதான். மெக்கார்ட்னி மறுத்தார். என் மன்னருக்குச் செய்வதுபோல் ஒற்றை முழங்காலை மடக்குகிறேன் என்றார். செப்டம்பர் 14 அன்று ஜெஹோலில் சியென்லுங் சக்கரவர்த்தி அவரைச் சந்தித்தார். அன்று நடந்ததைச் சொல்வதில் சீனக் குறிப்பும் ஆங்கிலக் குறிப்பும் ஒத்துப்போகவில்லை!

வியாபாரச் சலுகை, பீக்கிங்கில் நிரந்தரத் தூதர் ஆகிய கோரிக்கைகளைச் சக்கரவர்த்தி நிராகரித்தார். உங்கள் பொருள்கள் எங்களுக்குத் தேவையில்லை என்று ஜார்ஜுக்குக் கடிதம் எழுதினார். உலகம் தெரியாத கர்வம் என்று பிற்காலத்தில் ஐரோப்பியர் அந்தக் கடிதத்தைக் காட்டிக் கேலி செய்தனர். ஆனால் அதே நாட்களில் கடற்கரைக் காவலைப் பலப்படுத்தவும் அவர் உத்தரவிட்டிருந்தார். ஆபத்து தெரியாதவர் செய்கிற காரியமா அது?

இந்தக் கதையில் என் மனதை உறுத்துகிறவன் ஒரு பையன். மெக்கார்ட்னிக்குச் சென்னையிலேயே செயலாளராக இருந்த ஸ்டான்டனின் மகன், 12 வயது. கப்பலிலேயே சீன மொழி கற்றவன். அவன் பேச்சைக் கேட்டு மகிழ்ந்த சக்கரவர்த்தி, தன் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து அவனுக்குக் கொடுத்தார். அதே பையன் பெரியவனாகி 1816-ல் இரண்டாவது தூதுக்குழுவில் போனான். மறுபடியும் வணக்கத் தகராறு. சக்கரவர்த்தியைப் பார்க்காமலேயே குழு திரும்பியது. 1840 ஏப்ரலில் அபினி யுத்தம் பற்றிப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் விவாதித்தபோது, சீனாவை அறிந்தவர் என்ற மதிப்போடு எழுந்து, யுத்தம் நியாயமே என்று பேசினார். அரசு தப்பியது வெறும் 9 ஓட்டில். மொழி தெரிந்தால் போதும், பகை வராது என்று நாம் நினைக்கிறோம். போதாது போலிருக்கிறது.

பிறகு நடந்தது தெரிந்ததே. 1842-ல் ஹாங்காங் கைமாறியது. 1858 தியென்ட்சின் உடன்படிக்கையில் தனியாக ஒரு ஷரத்து: சீன அரசு ஆவணங்களில் ஆங்கிலேயரைக் குறிக்க 'யீ' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. 'காட்டுமிராண்டி' என்று அதற்கு ஆங்கிலேயர் பொருள் கொண்டதே காரணம். இரண்டே வருடத்தில், 1860-ல், ஆங்கிலத் துருப்புகளும் பிரெஞ்சுத் துருப்புகளும் கொள்ளையடித்த யுவான்மிங்யுவான் அரண்மனையை ஆங்கிலப் படை எரித்தது. யார் காட்டுமிராண்டி என்று சீனர் கேட்டால் என்ன பதில்?

அந்தக் காலத்தைச் சீனர் இன்றும் 'அவமான நூற்றாண்டு' என்றே படிக்கிறார்கள். 2010 நவம்பரில் பீக்கிங் வந்த பிரிட்டிஷ் பிரதமரும் அமைச்சர்களும் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூ குத்தியிருந்தார்கள். போரில் மாண்ட தம் வீரர்களின் நினைவு அது. சீனர் கண்ணுக்கோ அது அபினிப் பூ! எடுத்துவிடுங்கள் என்றார்கள், இவர்கள் மறுத்துவிட்டார்கள்.

மாணவத் தம்பி, தங்கைகளே! இன்று மரத்தடியில் நாங்கள் கூடிப் பேசுவதைக் கவனியுங்கள். ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வோம். கடைசியில் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். நாடுகளுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அதனால்தான், எதிர்த்தரப்பின் கதையையும் ஒருமுறை முழுசாகக் கேட்கச் சொல்லித்தர, வரலாற்று வகுப்பு ஒன்று தேவைப்படுகிறது.