பேய்க்கரும்பு இனித்த கதை

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே தாம்பரம் மார்க்கெட் பக்கம் கரும்புக் கட்டுகள் வந்து இறங்கிவிடும். இந்த வருடமும் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். பல் இல்லாதவருக்குக் கரும்பு எதற்கு என்று வீட்டில் கேலி. பேரன் மட்டும், "தாத்தா, காபியில போடுற சர்க்கரை இதுலேர்ந்தா வருது?" என்று கேட்டான். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தபோது, சொன்னது பாதிதான் சரி என்று தெரிந்தது.

நாம் கடித்துத் தின்னும் கருஞ்சிவப்புக் கரும்பு பழைய இனம். ஆலைக்குப் போகும் கரும்பு வேறு. அதில் ஒரு காட்டுப் புல்லின் வம்சமும் கலந்திருக்கிறது. நாணல் என்றும் பேய்க்கரும்பு என்றும் நாம் ஒதுக்கும் புல்தான் அது. மழைக்காலத்தை ஒட்டி முடிச்சூர்ப் பக்கம் அடையாற்றங்கரையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்குமே, அதேதான். தாவர நூலில் அதன் பெயர் சக்காரம் ஸ்பான்டேனியம். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'ஸ்பொன்தனே' என்றால் தானாக எழுவது. யாரும் நடாமல் முளைக்கும் புல்லுக்குப் பொருத்தமான பெயர்.

பட்டினத்தார் பேய்க்கரும்பைக் கையில் ஏந்தி ஊர் ஊராகப் போனார், அது திருவொற்றியூரில் இனித்தது, அங்கேயே முக்தி அடைந்தார் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. விஞ்ஞானத்தில் அது இனித்த ஊர் கோயம்புத்தூர்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கு ஜாவாவிலிருந்து சர்க்கரை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. வட இந்தியக் கரும்பு குச்சி போல மெலிந்தது, விளைச்சலும் குறைவு. நல்ல ரகத்தோடு ஒட்டுச் சேர்க்கலாம் என்றால் அங்கே கரும்பு பூப்பதே அரிது. கோயம்புத்தூர்ச் சீதோஷ்ணத்தில் அது பூத்து விதையும் பிடிக்கும். எனவே 1912-ல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பொறுப்பில் இருந்தவர் பார்பர் என்ற ஆங்கிலேயர். அவரிடம் பணியாற்றியவர் டி.எஸ். வெங்கட்ராமன். 'வெள்ளை' என்ற நாட்டுக் கரும்போடு உள்ளூர்க் காட்டுப் புல்லைச் சேர்த்தார்கள். அதில் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-ல் பஞ்சாப் விவசாயிகளுக்குப் போனது. இனிப்பு வெள்ளைக்கரும்பிலிருந்து, வறட்சியையும் தேங்கிய நீரையும் தாங்கும் திடம் புல்லிலிருந்து. 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதல் எழுத்து. பிற்பாடு இங்கிருந்து போன விதையில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வளர்ந்த ரகத்துக்கு 'என்.கோ. 310' என்று இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

இந்தக் கலப்பினங்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தவர்களில் ஒருவர் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் பிரசிடென்சியிலும் படித்து, அமெரிக்காவில் மிச்சிகனில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1934 முதல் சில ஆண்டுகள் கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று புகழ்பெற்றார். 1951-ல் நேரு அழைத்ததால் திரும்பி வந்தார். கடைசிக் காலம் நமக்குப் பக்கத்தில்தான். பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறினால் போய்விடக்கூடிய மதுரவாயலில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், 1984-ல் காலமாகும் வரை வேலை செய்தார். அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். அப்போது இது எனக்குத் தெரியாது.

அவர் எண்ணிய குரோமோசோம்களில் எழுதியிருப்பதை முழுதாகப் படிக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. காட்டுப் புல்லின் மரபணுத் தொகுதி 2018-ல் வெளியானது. ஆலைக் கரும்பு ஒன்றின் தொகுதி 2024-ல் வந்தது. மனிதனுக்கு 46 குரோமோசோம், அந்தக் கரும்புக்கு 114! பெரும்பாலான உயிர்களில் தகவலுக்கு இரண்டு நகல் இருக்கும். கரும்பிலோ பத்து, பன்னிரண்டு. ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஒரே கோப்புக்குப் பன்னிரண்டு கார்பன் நகல், ஒவ்வொன்றிலும் சிறு சிறு திருத்தம். எல்லாவற்றையும் கிழித்துக் கலந்து கொட்டிவிட்டு, தனித்தனியாக ஒட்டிக்கொடு என்றால் எப்படி இருக்கும்? அந்த ரகத்தின் பெயர் ஆர் 570. 'ஆர்' என்றால் ரெயூனியன். 1848-ல் அடிமை முறை ஒழிந்தபின் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டப் போன பிரெஞ்சுத் தீவு. பள்ளியில் அது எனக்கு வரைபடத்தில் ஒரு புள்ளிதான்.

பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடிக்கும் இதே வரலாறு உண்டு. கனடாவின் மானிடோபாவிலிருந்து 1916-ல் வந்த ஒரு காட்டுக் கொடியை இங்கிலாந்தில் வை கல்லூரியில் வளர்த்துச் சேர்த்தார்கள். இன்றைய ரகங்கள் பலவற்றுக்கு அதுவே மூதாதை. ஹாப்ஸின் தொகுதியையும் இப்போது படித்துவிட்டார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிட முடியவில்லை. 2009-ல் வெளியான கோ 0238 என்ற ரகம் உத்தரப்பிரதேச வயல்களில் பெரும்பகுதியைப் பிடித்தது. விவசாயி கையில் நல்ல பணம். சில ஆண்டுகளில் செவ்வழுகல் நோய் புகுந்தது. எங்கும் ஒரே ரகம், நோய்க்கும் ஒரே சாப்பாடு. மாற்று ரகம் உருவாக்க மறுபடியும் பழைய உறவினர்களைத்தான் தேடிப் போகவேண்டும். அதற்காகத்தான் கண்ணூரிலும் கோயம்புத்தூரிலும் பழைய கரும்புகளையும் காட்டுப் புற்களையும் பாதுகாத்து வளர்க்கிறார்கள். மரபணுப் புத்தகத்தைப் படித்துவிட்டோம் என்பதற்காகச் செடியை விட்டுவிட முடியாது. புத்தகத்தை நட்டால் முளைக்காது.

பேரனிடம் என் பதிலைத் திருத்திச் சொன்னேன். புல்லைப் பார்க்கவேண்டும் என்றான். முடிச்சூர் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். கரையை ஜே.சி.பி. வைத்து வழித்திருந்தார்கள். வெள்ளத்துக்குப் பயந்து செய்கிற வேலை, குறை சொல்வதற்கில்லை. ஓரமாக ஒரு புதர் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு தண்டை ஒடித்து வாயில் வைத்துப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான்.

"இனிக்கலையே தாத்தா!"

"அதுக்குக் கோயம்புத்தூர் போகணும்டா" என்றேன்.