கூரையற்ற ஆலயம்

இராமேசுவரத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால், இருபுறமும் கடல் நெருங்கிவரும் மணல்வெளியில் ஓர் ஆலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. அவற்றுக்குக் கூரை வானமே. தனுஷ்கோடியில் நம் மக்கள் கூடிச் செபித்த சிற்றாலயம் அது.

1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து கொழும்புக்குச் சென்றார். அதனால் அம்மணல்முனையில் ரயில் நிலையமும் அஞ்சலகமும் சுங்கச் சாவடியும் பள்ளியும் உருவாயின. மீனவரும் ரயில் ஊழியரும் துறைமுகத் தொழிலாளரும் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர் அது. ஆலயத்தைப் பவளக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுப்பினார்கள். கடல் தந்த கல்லால் கட்டிய வீட்டைக் கடலே வந்து கேட்டது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்த ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அலைகளுக்கு இரையாயிற்று. விடிந்தபோது ஊர் இல்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள்களே இருந்தன.

எனினும் ஆலயத்தின் முடிவுக்குப் புயலை மட்டும் காரணமாகச் சொல்லிவிட இயலாது. அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலம் 46 நாள்களில் செப்பனிடப்பட்டது. ஆனால் தனுஷ்கோடி வரையிலான இருப்புப்பாதை மீண்டும் போடப்படவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடமென ஊரை அரசு அறிவித்தது. கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்படலாயிற்று. ஆலயத்தைப் புயல் இடித்தது ஓர் இரவில். அது அணைந்ததோ, மக்கள் திரும்பிவர வழியில்லாமற்போனபோது. இடிந்த கோவிலை எழுப்புவதற்குக் கல்லைவிடக் கைகளே முதலில் வேண்டும்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1212ஆம் விதிப்படி, பெரும்பகுதி அழிந்துபோன புனித இடம் தன் அர்ச்சிப்பை இழந்துவிடுகிறது. அவ்வாறு பார்த்தால் இச்சுவர்கள் இனி ஆலயமல்ல. ஆனால், வழிபாட்டுக்குப் பயன்படாத ஆலயத்தை உலகியல் பயனுக்கு விடும்போதும், அப்பயன் இழிவானதாக இருத்தலாகாது என்று 1222ஆம் விதி எச்சரிக்கிறது. அர்ச்சிப்பு நீங்கினாலும் மரியாதை நீங்குவதில்லை என்பதன்றோ இதன் பொருள்?

2017ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டபின் ஆயிரக்கணக்கானோர் இங்கு வருகிறார்கள். பீடம் இருந்த இடத்தருகே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறைகூறுவது எளிது. ஆனால், இங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள், மணமாலை சூடியவர்கள், அவ்விரவில் மறைந்தவர்கள் ஆகியோரின் நினைவை நாமே பேணாதபோது, அந்நியர் பேணவேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்போம்?

அரசு கைவிட்ட அம்மண்ணைச் சில மீனவக் குடும்பங்கள் கைவிடவில்லை. மணலைக் கையால் தோண்டி நன்னீர் எடுத்து, ஓலைக்குடிசைகளில் அங்கே வாழ்ந்து வந்திருக்கிறார்கள். சுவர்களைக் காண்கிற நம் கண்ணுக்கு அவர்களும் தென்படவேண்டும். உயிருள்ள கற்களாகிய அவர்களை மறந்துவிட்டு, உப்புக்காற்றில் கரையும் கற்களுக்காக மட்டும் கண்ணீர் விடுவோமாயின், நம் பக்தியில் எங்கோ குறையிருக்கிறது.

அடுத்தமுறை அங்கே செல்லும்போது நாம் சற்று நேரம் மௌனமாக நிற்போம். இறந்தோருக்காக ஒரு செபம் சொல்வோம். பின், குடிசைகள் இருக்கும் திசையில் நடப்போம்.