மதுரை வட்டாரத்தில் ஆசிரியர் பற்றாக்குறை: வரலாறும் தீர்வுகளும்

மதுரை நகரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் பள்ளிகளுக்குத் தகுதியான ஆசிரியர் கிடைக்காத சிக்கல் இருநூறு ஆண்டுப் பழமை உடையது. படித்தவர்கள் குறைவாக இருந்ததைவிட, அவர்களுக்குப் போதிய ஊதியமும் நிலையான பணியும் வழங்கப்படாததே இதற்குப் பெருங்காரணமாக இருந்துள்ளது.

திண்ணைப் பள்ளிக் காலம்

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, பள்ளிகளின் நிலை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 'பீட்டர் பாண்டியன்' என மக்கள் அழைத்த ரவுஸ் பீட்டர் அப்போது மதுரை ஆட்சியர். 1823இல் மதுரையிலிருந்து சென்ற கணக்கின்படி, மாவட்டத்தில் 844 பள்ளிகளில் 13,781 பேர் படித்தனர். அவர்களில் பெண்கள் 105 பேர் மட்டுமே. திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் பெற்றோர் தரும் சிறு தொகையையும் தானியத்தையும் நம்பி வாழ்ந்தனர்.

மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைக்காத தொழிலுக்குத் தகுதியுள்ளவர்கள் வரமாட்டார்கள் என்று மன்றோ 1826இல் எழுதினார். மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாயும் தாசில்தார் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் அரசே வழங்க வேண்டும் என்றும், சென்னையில் ஆசிரியர் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். 1827இல் அவர் இறந்தார். தாசில்தார் பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன.

இதே காலத்தில், 1834இல் பணி தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன், ஆசிரியர்களைத் தானே உருவாக்க முனைந்தது. திருமங்கலத்தில் தொடங்கிய அதன் கல்விக்கூடம் 1845இல் பசுமலைக்கு மாறி, மிஷனின் ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பியது.

விடுதலைக்குப் பின்

1953இல் ராஜாஜி அரசு, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணிநேர வகுப்பு முறையைக் கொண்டுவந்தது. இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டே இரு மடங்கு மாணவர்களுக்குக் கற்பிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்ற ஏற்பாடு 'குலக்கல்வி' என எதிர்க்கப்பட்டது. 1954இல் முதல்வரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டு, பள்ளிகளையும் ஆசிரியர் பணியிடங்களையும் பெருக்கினார். 1981இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாயினர். அதனால் பணிப் பாதுகாப்பு கூடியது.

இன்றைய நிலை

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 மாணவர் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். ஆனால் அங்கு ஐந்து வகுப்புகள் உள்ளன. ஒருவர் விடுப்பில் சென்றால் அன்று அது ஓராசிரியர் பள்ளிதான்.

ஆசிரியர்கள் ஓய்வுபெறும் வேகத்துக்கு நியமனம் நடப்பதில்லை. 2022இல் மாநிலம் முழுவதும் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவெடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு அறிவிக்கப்பட்ட மாதத் தொகை 7,500 ரூபாய். தகுதித் தேர்வில் வென்றவர்கள் வேலைக்குக் காத்திருக்கும்போது இந்த ஏற்பாடு எதற்கு என்ற கேள்வி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காக எழுந்தது.

தீர்வுகள்

ஓய்வுபெறும் நாள் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. எனவே அடுத்த ஆண்டின் காலியிடங்களைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் தேர்வு நடத்த முடியும். சிறிய பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கையோடு வகுப்புகளின் எண்ணிக்கையையும் பார்த்துப் பணியிடம் ஒதுக்கலாம். நகரை ஒட்டிய பள்ளிகளுக்கே பலரும் மாறுதல் கேட்பதால், உள்ளூர்களில் பணிபுரிவோருக்கு வீட்டு வசதியும் தனிப்படியும் அளிக்கலாம். தற்காலிக நியமனம் தவிர்க்க முடியாதபோது அதற்குக் கால வரம்பும் முறையான ஊதியமும் தேவை. குறைந்த ஊதியத்துக்குத் தகுதியுள்ளவர்கள் வரமாட்டார்கள் என்று 1826இல் எழுதப்பட்டது இன்றைக்கும் பொருந்தும்.