புயலின் வழியைக் கணக்கிட்ட கதை

புயல் என்றதும் கடற்கரை ஊர்களையே தருமபுரி மக்கள் நினைப்பது வழக்கம். கேழ்வரகும் சாமையும் விளையும் இம்மேட்டு நிலத்துக்கும் வங்கக் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்பர். அவ்வுறவு 2024ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையில் வெளிப்பட்டது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து வலுவிழந்த பின்னர், அரூரில் ஒரே நாளில் 33 சென்டிமீட்டர் மழையும், அண்டையிலுள்ள ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையும் பதிவாயின. புயலின் வழியை முன்கூட்டிக் கூறும் கணித முறை எவ்வாறு வளர்ந்தது, அது எவ்விடத்தில் தடுமாறுகிறது என்பதை, மாணவ அன்பர்களே, இன்று ஆராய்வோம்.

கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்து, சுழன்றடிக்கும் காற்றுக்குச் 'சைக்ளோன்' என்னும் பெயரை 1848இல் சூட்டினார். அது சுழல்வது தெரிந்தது. நாளை எங்கே நிற்கும் என்பது தெரியவில்லை. இன்றைய காற்றின் நிலையை அறிந்தால், இயற்பியல் விதிகளைக் கொண்டு நாளைய நிலையைக் கணக்கிடலாம் என்றார் நார்வே நாட்டு பியர்க்னஸ், 1904இல்.

அதைச் செய்து பார்க்கத் துணிந்தவர் ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டிய அவர், அப்பணிக்கிடையே ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது! உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய மாறவேயில்லை. அந்தத் தோல்வியை ஒளிக்காமல் 1922இல் அவர் நூலாக வெளியிட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். பிழை முறையில் இல்லை, தொடக்க அளவுகளில் இருந்தது என்பது பிற்காலத்தில் விளங்கியது. 1950இல் அமெரிக்காவில் எனியாக் என்னும் கணிப்பொறி ஒரு நாள் வானிலையைக் கணக்கிட ஏறத்தாழ ஒரு நாளே எடுத்துக்கொண்டது.

இன்று பல நாடுகள் இத்தகைய கணித மாதிரிகளை இயக்குகின்றன. விதிகள் ஒன்றாயிருக்க, விடைகள் ஏன் வேறுபடுகின்றன? கடலின்மேல் அளவீடுகள் குறைவு. அந்த இடைவெளியை ஒவ்வொரு மாதிரியும் தன் வழியில் நிரப்புகிறது. முகில் வெளியிடும் வெப்பத்தையும் ஒவ்வொன்றும் தன் முறையில் மதிப்பிடுகிறது. தொடக்கத்தில் சிறு வேறுபாடும் பின்னர்ப் பெருகும் என்று 1963இல் லோரன்ஸ் காட்டினார். 2012இல் சாண்டி புயல் அமெரிக்கக் கரைக்குத் திரும்பும் என்று ஐரோப்பிய மாதிரி ஒரு வாரம் முன்னரே கூறிற்று. அமெரிக்க மாதிரியோ அது நடுக்கடலுக்குச் செல்லும் என்று சில நாட்கள் காட்டிக்கொண்டிருந்தது. இதைக் கொண்டு ஒன்றை எப்போதும் சிறந்ததென முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆகையால் அறிஞர் பல விடைகளையும் ஒருங்கே நோக்குகின்றனர்.

ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கடக்கும் என்று இந்திய வானிலைத் துறை முன்னரே அறிவித்தது. இடம் பொருந்திற்று, பிற்பகலில் எதிர்பார்த்தது நவம்பர் 30 இரவிலேதான் கடந்தது. பின்னர் அவ்விடத்திலேயே பல மணி நேரம் நகராமல் நின்று, மெல்ல மேற்கே வந்தது. மாதிரிகளை ஒப்பிடும்போது புயலின் மையம் எத்தனை கிலோமீட்டர் விலகியது என்றே பெரும்பாலும் அளக்கிறோம். அரூரில் வெள்ளத்தைக் கண்டவர்க்கு அந்த அளவு போதாது. மையக்கோடு சரியாயிருந்தும், மழை எந்த வட்டத்தில் கொட்டும் என்பது அதனால் விளங்காது.

2025 மே மாதத்தில் இந்தியா 6 கிலோமீட்டர் கட்டங்கள் கொண்ட புதிய மாதிரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தியது 12 கிலோமீட்டர். முன்பு ஒரு கட்டம் இருந்த இடத்தில் இப்போது நான்கு. நம் சித்தேரி மலைக்கும் அவற்றுள் சில கிடைக்கும்.